மூன்றாம் கூண்டு

வெள்ளிக்கிழமைகளில் வருவான்.
தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கி
மூன்றாம் கூண்டுக்குள் நுழைவான்.
அதன் கதவு மட்டும் சரியாகச் சாத்தாது.
பிபிலையில் ஒரு கடைக்கு எடுப்பான்.
யாரோ ஓடிப்போய் நயோமியைக் கூட்டிவரும்வரை
மீட்டரில் காசு ஓடும்,
அவன் கண்ணாடியில் விரலால் கீறிக்கொண்டிருப்பான்.

என் சிங்களம் கடையில் படித்தது:
மிச்சக் காசு, நாளைக்கு வாருங்கள், லைன் இல்லை.
என்றாலும் விளங்கும்.
இங்கே மீன் மலிவு. கடிதம் கிடைத்தது.
கோட்டை வாசலில் ஒரு மான்
என் கையிலிருந்து பாண் தின்றது.

ஒருநாள் மல்டிபரல் அடித்தார்கள்.
கூண்டு நடுங்கியது.
அவள் என்ன கேட்டாளோ,
"இடி" என்றான், "மழை வரப்போகிறது."
சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.
நான் பற்றுச்சீட்டைக் கிழித்தேன்,
நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
அந்த இடி போய் விழுகிற சம்பூரில்
என் அக்கா, இரண்டு பிள்ளைகளோடு.
அவளிடம் போன் இல்லை.

மூன்று வெள்ளி அவனைக் காணவில்லை.
பிறகு ஒரு செவ்வாய் மத்தியானம்
கடை நம்பருக்கு அழைப்பு.
தன் பெயரைச் சொன்னாள். அவன் பெயரைச் சொன்னாள்,
விமுக்தி.
அதுவரை எனக்கு அது தெரியாது.
சொல் தேடினேன்.
நாளைக்கு. மிச்சம். லைன்.

"அங்கே இன்னும் மழையா?" என்றாள்.

உட்துறைமுக வீதி முழுக்க வெயில்.
எதிர்க்கடை வாசலில் சாக்கு விரித்துக்
கருவாடு காயப்போட்டிருந்தார்கள்.
மழைதான் என்றேன்.
"ஹரி" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும்
"ஹரி."

வருகிற அழைப்புக்கு மீட்டர் ஓடாது.
அவளும் வைக்கவில்லை,
நானும்.