எண்பத்தாறு கிலோமீட்டர்

குதைபியாவில் டிக்கெட் விற்கிறேன்.
சென்னைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால்
தலை நிமிராமலே சொல்வேன்: நாலே முக்கால்.
கொச்சிக்கு நாலேகால்.
டாக்கா ஐந்தைத் தாண்டும்,
கையில் தின்ன ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே.

நேற்று மாலை கடையில் ஆளில்லை.
பஹ்ரைனிலிருந்து தம்மாம் என்று தட்டிப் பார்த்தேன்.
எண்பத்தாறு கிலோமீட்டர்.
சக்கரத்தை மடக்கி முடிப்பதற்குள்
விரிக்க வேண்டியிருக்கும்.
சீட் பெல்ட்டைக் கழற்றலாமா என்று
யோசிக்க மட்டும் நேரமிருக்கும்.

தம்மாம் துறைமுகத்தில்
கிரேன்களுக்கு மின்சார வேலை பார்க்கும் ரெமிஜியுஸ்
என் கணவர்.
அவர் வெளியே வர
கஃபீல் கையெழுத்துப் போட வேண்டும்.
நான் உள்ளே போக
என் சம்பளச் சீட்டில் இன்னொரு சைபர் வேண்டும்.
ஆகவே நாங்கள் சந்திப்பது சென்னையில்.
நான் மூவாயிரத்து நானூறு,
அவர் மூவாயிரத்து ஐந்நூறு,
இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை
ஆளுக்கொரு விமானத்தில் வந்திறங்கி
பெட்டிகள் சுற்றும் இடத்தில் நிற்போம்.
"வந்துட்டியா" என்பார்,
பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவளைக் கேட்பதுபோல்.
பக்கத்துத் தெருவிலிருந்துதான் வந்திருப்பேன்.

போன பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை
கடல் பாலத்தின் நடுத்தீவு வரை
சூப்பர்வைசர் வண்டியில் ஒட்டிக்கொண்டு வந்தார்.
இந்தப் பக்கம் நான், ஷைனியின் காரில்.
இடையில் வேலி,
முத்திரை குத்தும் கூண்டுகள்,
ஹாரன் அடிக்கும் நூறு வண்டி.
மஞ்சள் சட்டை போட்டிருக்கேன் என்றார் போனில்.
மூன்று மஞ்சள் சட்டை தெரிந்தது.
மூன்றுக்கும் கையசைத்தேன்.
இரண்டு பேர் திருப்பி அசைத்தார்கள்.

"இதுல நீங்க யாரு?"

"அசைக்காதவன்.
ஒரு கையில போன்.
இன்னொண்ணுல உனக்கு வாங்கின ஷவர்மா."

சண்டை பெரும்பாலும் மாலையில் வரும்.
பணம், அவர் தங்கச்சி, என் தூக்கமின்மை.
பேச்சு தடித்துக்கொண்டிருக்கும்போதே
என் ஜன்னலில் மக்ரிப் பாங்கு எழும்.
இரண்டு நிமிடம் கழித்து
அதே பாங்கு போனுக்குள்ளிருந்து.
பொழுது சாய்வதற்குள் கோபத்தை விட்டுவிட வேண்டும்
என்று கல்யாணத்தன்று பேசிக்கொண்டோம்.
எனக்குச் சாய்ந்த பின்னும்
அவருக்கு இரண்டு நிமிடம் பாக்கி.
அதை ஒருநாளும் வீணாக்கியதில்லை,
கடைசி நொடி வரை கத்துவார்.
பிறகு, "சாப்டியா?"

இன்று காலை
வெளுத்த காலர் வைத்த சட்டையில் ஒருவர் வந்தார்.
தம்மாமுக்கு எவ்வளவு நேரமாகும் என்றார்.
நான் தலை நிமிர்ந்தேன்.

யாருக்கு, என்று கேட்டேன்.