எவ்வளவு இருட்டு வேணும்

வண்ணாரப்பேட்டைக் கடையில்
துணி மாதிரிகளைப் புரட்டிக்கொண்டே வந்த பையன்
பீஜ் நிறத்தில் விரலை வைத்தான்.
"இதுதான் மேடம், எந்தக் காலத்துக்கும் ஒத்துப்போகும்.
பத்து வருசம் கழிச்சும் பழசாத் தெரியாது."
தெரியாதுதான்.
புதுசாகவும் தெரியவில்லை.
யாரும் குடியிருப்பதாகவே தெரியவில்லை.

எனக்கு வேண்டியது நிறமில்லை தம்பி என்று
சொல்லத் தெரியாமல் படியிறங்கினேன்.

என் வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டி கார்டு.
ராத்திரி முழுக்க மணியாச்சியும் மதுரையுமாகப்
பச்சை விளக்கை ஆட்டிக்கொண்டு போவார்.
காலை எட்டரைக்கு ஜங்ஷனில் இறங்கி,
நாலு இட்லியை முழுங்கிவிட்டுக் கண்ணை மூடினால்
மூடின இமைக்குள்ளும் வெயில் வந்து நிற்கும்.
எங்கள் ஊர் வெயில்
கதவைத் தட்டிவிட்டு வருகிற வெயில் இல்லை.

வாடகை வீடு.
சாவியோடு ஓனரம்மா தந்த ஒரே சொல்:
"ஆணி மட்டும் அடிச்சிராதிய."
அடிக்கவில்லை.
கல்யாணப் படம் பீரோவில் சாய்ந்தே நின்றது,
காலண்டர் ஃப்ரிட்ஜ்மேல் மல்லாந்து கிடந்தது.
ஜன்னலில் மட்டும் கம்பிக்குக் கம்பி
கொடிக்கயிறு இழுத்துக் கட்டினேன்.
கயிறு ஆணி ஆகாதே.

மேலப்பாளையம் மைதீன் அண்ணன்
மெத்தைக்கும் தலையணைக்கும் உறை தைப்பவர்.
அவர்தான் டேப்பைக் கழுத்தில் போட்டபடி
சரியான கேள்வியைக் கேட்டார்:
"எவ்வளவு இருட்டு வேணும்?"

குண்டு பல்புக்கு முன்னால் துணியைப் பிடித்தார்.
ஒரு மடிப்பில் அவர் கை முழுசாகத் தெரிந்தது,
இரண்டில் விரல்கள் மட்டும்.
மூன்றில் பல்பே எங்கோ போய்விட்டது.
"மூணு போட்டா காத்து வராதும்மா.
ஆனி மாசக் காத்தையும் விட முடியாதுல்லா?"
இரண்டோடு நிறுத்தினோம்.
உள்பக்கம் கருநீலம். வெளிப்பக்கம்
ஆற்றில் புதுத்தண்ணி வந்த மறுநாள் இருக்குமே, அந்த நிறம்.
எப்படிச் சொன்னேனோ, எடுத்துக் கொடுத்தார்.

பெருமாள்புரத்தில் அது ஜன்னலை நிறைத்தது.
தச்சநல்லூர் ஜன்னல் ஒரு சாண் கூடுதல் அகலம்;
கிழிந்த சேலையின் முந்தியை ஒட்டுப் போட்டேன்.
டவுனில், வாகையடி முக்குப் பக்கம், நெட்டை ஜன்னல்;
கோமதிக்குச் சேராமல் போன யூனிபார்ம் பாவாடை
அடியில் கரையாக வந்தது.
கேடிசி நகரில் எல்லாமே குட்டை. மேலே மடித்துத் தைத்தேன்.
இங்கே வந்து மறுபடி பிரித்தேன்.

லாரியில் கடைசியாக ஏறும், முதலில் இறங்கும்.
பாத்திரமெல்லாம் அட்டைப்பெட்டியில் கிடந்தாலும்
இது கயிற்றில் ஏறிவிட்டால்
அவர் செருப்பைக் கழற்றுவார்.

"ரெடிமேட் ஐநூறு ரூவாய்க்குக் கெடக்கு,
இதென்ன மதினி ஒட்டுத்துணி" என்றாள் கொழுந்தியாள்.
சோபா உறையோடு பொருந்தவில்லை, நிசந்தான்.
சோபாவே எங்களோடு பொருந்தியதில்லை.
அது வந்துபோகிறவர்களுக்கு.

போன ஞாயிறு அவருக்கு ஓய்வு.
முன்னறையில் கோமதிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.
எனக்குத் தலைவலி.
இத்தனை வருசத்தில் முதல்முறையாக
மத்தியானத்தில் அந்த அறைக்குள் படுத்தேன்.
தைத்தவள் நான்,
உள்ளே இருந்து பார்த்ததில்லை.

கண் பழகியதும் தெரிந்தது:
கேடிசி நகர் மடிப்பைப் பிரித்த இடத்தில்
ஊசி போன வழியெல்லாம் வெளிச்சம்,
எறும்பு வரிசைபோல, பொடிப்பொடியாக.

பதறி எழுந்து வந்தேன்.
"ஏன் சொல்லல? நாளைக்கே அடைச்சிருதேன்."
அவர் நோட்டிலிருந்து நிமிரவில்லை.
"வேண்டாம். எண்ணிக்கிட்டுத்தான் தூங்குவேன்,
கூட்ஸ் பெட்டி எண்ணுத மாதிரி."
"மொத்தம் எத்தனை?"
"தெரியாது. நாப்பதைத் தாண்டினதில்ல."

திரும்பிப் போய்ப் படுத்தேன்.
இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன்.
முப்பதுக்குப் பக்கத்தில் சேலை முந்தி வந்தது.
அதை எந்தத் தீபாவளிக்கு எடுத்தோம் என்று யோசித்ததில்
எண்ணிக்கை விட்டுப்போனது.