பார்க்க முடிந்த அளவில்

டுலூத் நகரில் ஏப்ரல் என்றால்
அழுக்கான பனி, அவ்வளவுதான்.
ஏணியின் மூன்றாம் படியிலேயே
என் முழங்கால் தன் ரிப்போர்ட்டை வாசித்துவிடும்.

கூரை: பதினெட்டு வயது. வடக்குச் சரிவில் பாசி.
புகைபோக்கியின் கழுத்தில் தகரம் பிரிந்த இடத்தில்
யாரோ தாரை அப்பியிருக்கிறார்கள்,
வெட்டுக்காயத்தில் பற்பசை தடவிய மாதிரி.
மூன்று படங்கள்.
இங்கிருந்து சுபீரியர் ஏரி முழுசாகத் தெரிகிறது,
கடல் என்று சொன்னால் நம்பிவிடலாம்.
ஏரியை எழுத ரிப்போர்ட்டில் கட்டம் இல்லை.

எதிர்ப்பக்கம் ஒரு பிக்கப் வண்டி,
எஞ்சின் ஓடிக்கொண்டே.
விற்கிறவர் வெளியே இருக்கவேண்டும் என்று சொல்லியாகிவிட்டது.
வெளியேதான் இருக்கிறார் ரேமண்ட் லக்சோ,
இரண்டு மணி நேரமாக,
ஸ்டியரிங்கில் இரு கையும் வைத்து
எங்கேயும் போகாமல்.

ஃபர்னஸுக்கு எப்போதும் பத்து நிமிடம் கூடுதல்.
ஏழு வருடம் முன்பு, வேறொரு வீடு,
மயிரிழை விரிசல். கண்ணாடியை நான்
ஒரு விரல் தள்ளிப் பிடித்திருக்கவேண்டும்.
அந்தக் குடும்பம் ஒரு வாரம்
தலைவலியோடு தூங்கித் தலைவலியோடு எழுந்தது.
எழுந்தார்கள்.
வக்கீல் கடிதம் வந்த அன்று
அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்:
எல்லோரும் எழுந்தார்கள்.

பேஸ்மென்ட்.
மூன்று சுவர்கள் பழைய சாம்பல். ஒன்று புது வெள்ளை.
அதில் ஒரு மான் படம்,
முழங்கால் உயரத்தில் மாட்டியிருக்கிறது.
சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள்.
இங்கே சித்திரத்தை வைத்துத்தான் சுவர்.
மானை நகர்த்தி
மீட்டரின் இரண்டு ஊசிகளையும் அழுத்தினேன்.
கத்தியது.
சவ்னா அறைக்குள், துண்டுகளுக்குப் பின்னால்,
ஈரம் உறிஞ்சும் எந்திரம்.
அணைத்து வெகுநேரம் ஆகவில்லை, உடம்பு சுட்டது.
வாளி விளிம்புவரை தண்ணீர்.

ஏஜென்ட் ஷெரில் படியிறங்கி வந்து
குரலைத் தாழ்த்தினாள்:
“மார்லிஸ், இந்த மலையில ஈரமில்லாத பேஸ்மென்ட் உண்டா?
‘லேசான ஈரப்பதம்’னு போடேன்.”
அடுத்த மாத வீடுகளை எனக்கு அனுப்புவதும் அவள்தான்.
இருவருக்கும் தெரியும், ஆகவே சொல்லத் தேவையில்லை.
லேசான என்பதை அளக்க
என் பையில் கருவி இல்லை.

மாடியில் டானிகா டேப்பை நீட்டிப் பிடித்திருந்தாள்.
கட்டில் எங்கே, பியானோ எங்கே, முடிவாகிவிட்டது.
கோல்ட்டன் என்னை ஓரமாக நிறுத்திக் கேட்டான்,
எல்லோரும் கேட்பதை:
“உங்களுக்குன்னா வாங்குவீங்களா?”

பதில் மனப்பாடம். அது என் வேலை இல்லை,
இருப்பதைச் சொல்வது மட்டும்தான்.
சொன்னேன்.
அவன் வார்த்தைகளை விட்டுவிட்டு
என் முகத்தைப் படிக்கப் பார்த்தான்.
டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நல்லவேளை.
அதை அணைப்பதில் மும்முரமானேன்.

வண்டியில் ஏணியைக் கட்டும்போது
பிக்கப்பின் கண்ணாடி இறங்கியது.
“நாலே நாள்தான் வரும். பனி உருகுறப்ப.
அப்புறம் தானா காஞ்சிடும்.”
நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.
ரிப்போர்ட் வாங்குகிறவர்களின் சொத்து,
அவரிடம் நான் வாய் திறக்கக்கூடாது.
மழை வரும்போல என்று சொன்ன ஒருவருக்கு ஆட்டுவதுபோலத்
தலையை ஆட்டினேன்.

இரவு, சமையலறை மேஜை. ஆறிய காபி.
‘பார்க்க முடிந்த அளவில்’ என்று தொடங்கும் பத்தி
எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், எழுதவே வேண்டாம்.
வடகிழக்குச் சுவர், தரையிலிருந்து பதினாறு அங்குலம் வரை,
என்று அடித்துவிட்டு
‘லேசான’ சேர்த்தேன்.
எடுத்தேன்.
படம் இருபத்தேழு: மான்.
படம் இருபத்தெட்டு: மான் இருந்த இடம்.
நாலு நாள் என்பதைக் கேட்டேன், பார்க்கவில்லை.
அதற்கும் கட்டம் இல்லை.

இன்னொன்றும் எழுதவில்லை:
கிளம்புமுன் கீழே போய்
அந்த வாளியைக் கொட்டிவிட்டு
எந்திரத்தை மறுபடி ஓடவிட்டேன்.
வீட்டை இருந்தபடியே விட்டு வரவேண்டும் என்பது விதி.