மூச்சுப் பயிற்சி, எண் ஒன்பது

பதினேழு கட்டத்துக்கு ஒரே ஸ்வரம்.
எனக்கு மட்டும்.
சோப்ரானோக்கள் கடற்காகம்போல ஏறி இறங்குவார்கள்,
நான் முளையில் கட்டிய படகு.
ஒருநாள் ஆர்வெத் கூஸ்மாவிடம் கேட்டே விட்டேன்:
"என் தொண்டைக்கு என்ன கேடு?"
மீன் எடைமேடைக் குமாஸ்தா அவர்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னார்:
"அந்த இடத்தில் ஹெல்யுவுக்கு மூச்சு போதாது.
நீ விட்டால் அவள் விழுவாள்."
அதற்குமேல் கேட்டால் வானிலை பேசுவார்.

ஐம்பத்திரண்டு. ஹீயுமா தீவு.
தேவாலயத்தில் உரமூட்டை அடுக்கியிருந்தார்கள்.
நாங்கள் பாடியது மீன் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில்,
புகைபோட்ட ஹெர்ரிங் வாடைக்கு நடுவே.
எடைப் புத்தகத்தின் முன்பக்கம் இத்தனை கிலோ, இத்தனை கழிவு;
பின்பக்கம் திருப்பினால் அவர் பொடி எழுத்தில்:
தொழிலாளர் குழுவுக்கான மூச்சுப் பயிற்சி.
அப்படி நாற்பத்தொன்று.
சொல் கிடையாது. ஆ, ஊ,
பிறகு வாய்மூடி ம்.

தால்லினிலிருந்து வந்த அதிகாரி
குளிருக்குத் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.
ஒன்பதாவதின் நடுவில் கழற்றினார்.
முடிந்ததும் போட்டுக்கொண்டு
'நுரையீரலுக்கு நல்லது' என்றெழுதி முத்திரை குத்தினார்.

அது என்னவென்று எங்களுக்குத் தெரியும்.
யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அறுபத்தொன்று மார்ச்சில் ஆர்வெத் போனார்.
மண் கல்லாய் இறுகிக் கிடந்தது,
துறைமுகத்தில் கடப்பாரை இரவல் வாங்கித் தோண்டினார்கள்.
எங்களுக்கு அன்று ஷிஃப்ட்.
யாரும் பாடவில்லை.

தேவாலயத்தைத் திருப்பிக் கொடுத்த வருஷம்
தார்த்துவிலிருந்து ஒரு பையன் வந்தான், டேப் ரிக்கார்டரோடு.
"எந்தச் சங்கீதம் அது?
சொற்களைத் திரும்பப் பொருத்திவிடலாம்."
மிஞ்சியிருந்தது நாலு பேர்.
நூற்றுமுப்பது, என்றாள் ஹெல்யு, யோசிக்காமல்.
இருபத்துமூன்று அல்லவா, என்றாள் மீத்தா.
இருவரும் ஒருவரையொருவர்
ஏதோ திருடு போனதுபோல் பார்த்துக்கொண்டார்கள்.
பேஸ் பாடிய ஒஸ்வால்த்
தன் அண்ணன் பெயரையும் ரயில் கொண்டுபோன ஊரையும்தான்
மாற்றி மாற்றி உள்ளே சொல்லிவந்ததாக
பூட்ஸ் நுனியைப் பார்த்தபடி சொன்னார்.
முப்பத்தேழு வருஷம்.
பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் பாடினோம்.

பையன் மைக்கை என் பக்கம் திருப்பினான்.

நான் எந்தச் சொல்லும் வைத்துக்கொள்ளவில்லை, தம்பி.
எனக்கு நேரம் ஏது?
ஹெல்யு விழக்கூடாது.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினான்கு, பதினைந்து,
பதினாறு,