சீனன்குடா, செவ்வாய்க்கிழமை

கிண்ணியா பஸ்ஸில் ஏறிச்
சீனன்குடாவில் இறங்குவேன்.
எந்தச் சீனன், எந்தக் காலத்தில் வந்தான்,
கொண்டக்டருக்கும் தெரியாது.
இப்போது அங்கே இருப்பது
மா ஆலை, விமானத் தளம், ரயில் நிலையம்,
பின்வீட்டு அறையில் ஒரு கட்டில்,
ஒரு பெட்டி ஊசி.

சுவரில் ஓர் ஆணின் படம்.
உடம்பெல்லாம் புள்ளிகள், புள்ளிகளை இணைத்து
பஸ் பாதைபோலக் கோடுகள்.
கருப்பை இல்லாத அந்த மனிதனைப் பார்த்தபடிதான்
என் கருப்பையைப் பற்றிப் பேசவேண்டும்.

முதல் நாள் டொக்டர் முனவ்வறா கேட்டார்:
இரத்தம் என்ன நிறம்?
புதுச் சிவப்பா, நாவற்பழமா?
கட்டி விழுமா? பாக்களவா, புளியங்கொட்டையா?
வலி முந்துமா, இரத்தம் முந்துமா?
கால் குளிருமா?
அந்த நேரம் ஆர்மேல கோபம் வரும்?

ஆறு வருஷமாய்
'வந்திட்டுதா' என்று கேட்டவர்கள் பலர்.
எப்படி வந்தது என்று கேட்டவர்
இவர் ஒருவர்.

நாக்கை நீட்டச் சொன்னார்.
மாமிக்கு நீட்டவேண்டிய நாக்கு;
இங்கே நீட்டினேன்.
மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்தார்,
வள்ளக்காரர் நீரோட்டம் பார்ப்பதுபோல.
இல்லை, அது அழகுக்குச் சொல்வது.
பக்கத்து வீட்டு ரேடியோவில்
மரண அறிவித்தல் கேட்பவர்போல.

நீலக் குழாய். விரலால் ஒரு தட்டு.
நுளம்புக் கடியிலும் குறைவு.
கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தள்ளி ஒன்று,
தொப்புளுக்குக் கீழே வரிசையாய்,
உச்சந்தலையில் ஒன்று.
பிறகுதான் அந்தக் கனம்:
தூண்டில் நூலை எங்கோ ஆழத்தில்
ஒரு மீன் முகர்ந்துவிட்டுப் போவது.

இனோகா மாசிபத்திரிச் சுருட்டைப் பற்றவைத்து
அடிவயிற்றுக்கு மேலே காற்றில் பிடிப்பாள்.
'ரஸ்னெயித அக்கே?'
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
இது நாலாவது, என்பேன் தமிழில்.
விளங்கியதோ என்னவோ, சிரிப்பாள்.

'பிள்ளை கிடைக்குமெண்டு
நான் சொல்லமாட்டன் மகள்.
வலி குறையலாம். நித்திரை வரலாம்.
ஸ்கேனை விட்டுடாதீங்க.
அவரையும் சோதிச்சாச்சா?'

அவர் கோகுலராஜ். ஆலையில் இரவு வேலை.
ஊசிக்குப் பயம் என்பார்.
எனக்குள் இதுவரை ஏறியதை ஒருநாள்
எண்ணிக் காட்டினேன்:
ஆஸ்பத்திரி, கொழும்பு, மறுபடி கொழும்பு.
நூற்றெட்டில் லைட்டை அணைத்தார்.

இருபது நிமிஷம் அசையக்கூடாது.
போன் பைக்குள், பை வெளியே, கதவு சாத்தி.
பதினாலு ஊசி நட்ட உடம்பிடம்
தேத்தண்ணி கேட்க ஆராலும் ஏலாது.
'விசேஷம் ஒண்டுமில்லையோ' கதவுக்கு அப்பால்.
உண்மையைச் சொன்னால்,
நாலாம் மாதத்திலிருந்து
நான் வருவது இந்த இருபது நிமிஷத்துக்கு.

யன்னலுக்கு வெளியே பற்றைக்குள்
பழைய எண்ணெய்த் தாங்கிகள்.
ஒன்றுக்குள் இறங்கிய மைத்துனன் சொன்னான்:
வெறுமைதான், ஆனால்
பேர் சொல்லிக் கூப்பிட்டால்
கனநேரம் அது உன் பேரை வைத்திருக்கும்.

போன செவ்வாய் பஸ்ஸிலேயே வந்துவிட்டது.
அழவில்லை.
'புதுச் சிவப்பு, கட்டி இல்லை' என்றேன்,
சோதனை மறுமொழி சொல்லும் பிள்ளைபோல.
டொக்டர் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

அன்றிரவு தலை சீவும்போது
கோகுல் பின்னால் நின்று கத்தினார்.
உச்சியில் ஓர் ஊசி.
இனோகா எடுக்க மறந்தது.
ஆஸ்பத்திரிக்குப் போவமா என்றார்.
சும்மா இழுங்கோ என்றேன்.
வியர்த்த இரண்டு விரல் முடிக்குள் தடவித் தடவி
ஒருமுறை விட்டு,
மறுமுறை பிடித்தது.
'நோகுதா?'

இல்லை.
'நோகுதா?'
எடுத்தாச்சு அப்பா.

குப்பையில் போடக்கூடாதாம்.
வெறும் பனடோல் போத்தலில் போட்டு மூடி
மேசையில் வைத்தோம்.
செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொடுக்கவேண்டும்.
ஆர் கொண்டுபோவது என்று
இன்னும் பேசவில்லை.