எண்பத்தொன்று புள்ளி நான்கு

காலை ஆறு பத்து.
போடோவில் இருட்டு. ஒன்பது மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கும், ஜனவரி.
என் திரையில் ஒட்வார் ஏறி நிற்கிறார்:
81.4.

முகம் தெரியாது.
கடலுக்கு அப்பால் ஒரு தீவு,
குளியலறையில் ஓர் எடைமேடை,
அதன்மேல் வெறுங்காலோடு ஒரு மீனவர்.
அவ்வளவுதான் எனக்கு அவர்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கும் உடம்பு.
தின்ற கருவாட்டில் ஒரு துண்டையும் மறக்காமல்
கணுக்காலில் தண்ணீராய்ச் சேர்த்துவைக்கும்.
இரண்டு நாளில் இரண்டு கிலோ கூடினால்
உள்ளே கடல் ஏறுகிறது.
போனை எடுப்பேன்.
“எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள்?”
“மூன்று.”
கொஞ்சம் பொறுத்து,
“நாற்காலியில்தான் தூங்கினேன்.”
மாத்திரையைக் கூட்டச் சொல்வேன்.
இரவெல்லாம் கழிப்பறைக்கு நடப்பார், என்னைத் திட்டிக்கொண்டே.
காலையில் எண் இறங்கியிருக்கும்.

இன்று 54.6.
ஒரே இரவில் இருபத்தேழு கிலோ காணோம்.
திரை முழுக்கச் சிவப்பு.
மணி அடிக்கிறது, அடிக்கிறது,
தீவில் யாரோ மெல்ல நடந்து வந்து எடுக்கும்வரை.

“குன்ஹில் பேசுகிறேன், அவர் மனைவி.
நாலு மணிக்கே படகெடுத்துப் போய்விட்டார்.
காட் மீன் கூட்டம் வந்துவிட்டதாம், சொன்னால் கேட்கிற ஆளா?
எண் வராவிட்டால் அந்தப் பெண் பயந்துவிடுவாள்,
நீ ஏறி நில் என்றார்.
நின்றேன்.”

திட்டுவதா சிரிப்பதா.
54.6ஐ அழிக்கப் போன விரல்
அப்படியே நிற்கிறது.
மறுமுனையில்,
மலை ஏறி வந்தவளைப்போல மூச்சு.

“குன்ஹில்,
உங்களுக்கு எத்தனை தலையணை?”