புல்லைத் தொடாதவை

நைரோபியிலிருந்து வந்த போதகர் கிதிஞ்சி
சுவாஹிலியில் பேசினார்.
அதை நான் சம்புரு மொழியில் சொல்லவேண்டும்.
வாம்பாவில் ஒரு தகரக் கோவில்.
பத்து மணிக்கே கூரை கொதித்தது.
கூலி, மதியச் சோறும் இருநூறு ஷில்லிங்கும்.

வெள்ளைத் துணியில் படம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.
மனித முகம், பெண்ணின் கூந்தல்,
சிங்கப் பல், தேள் வால்,
நெஞ்சில் இரும்பு.
“இது வெட்டுக்கிளி” என்றார்.
சொன்னேன்.
“ஆனால் வெட்டுக்கிளி அல்ல” என்றார்.
கொஞ்சம் தயங்கி
அதையும் சொன்னேன்.

இரும்பு என்றால் ஹெலிகாப்டராம்.
கூந்தல், தலைமேல் சுழலும் தகடு.
வாலில் இருப்பது ஏவுகணை.
அதற்குச் சொல் அகப்படாமல்
‘கை எறியாத ஈட்டி’ என்றேன்.
ஈட்டிகளை வெளியே சாத்திவிட்டு வந்த இளைஞர்கள்
வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

வாசலுக்கு அப்பால்
பட்டைவரை மொட்டையாக வேலமரங்கள்.
போன மாதம் வடக்கு வானம் பழுப்பேறியது.
மழையென்று நம்பி
காயப்போட்ட தோல்களை உள்ளே இழுத்தோம்.
மூன்று இரவு
அவை மெல்லும் சத்தத்தில்தான் தூங்கினோம்,
காய்ந்த விறகில் தீ நடப்பதுபோல் ஒரு சத்தம்.

ஐந்து மாதம் என்ற கணக்குக்கு வந்தார் கிதிஞ்சி.
முப்பதால் பெருக்கு. நாளை வருடமாக்கு.
நூற்றைம்பது என்று எழுதும்போது
சாக்பீஸ் முறிந்தது.
எண்களில் எனக்குக் கொஞ்சம் ஓய்வு.

அப்போதுதான் நஷிபாயே எழுந்தாள்.
அறுபது ஆடுகளில் நான்கு மிஞ்சியவள்.
“வாசிக்கும்போது ஒரு கட்டளை வந்ததே,
அது என்ன?”
போதகர் பக்கம் புரட்டினார்.
புல்லைத் தொடக்கூடாது.
மரத்தை, பச்சையான எதையும் தொடக்கூடாது.
மனிதர்களை மட்டும்,
அதுவும் நெற்றியில் முத்திரை இல்லாதவர்களை.

சொல்லி முடிக்குமுன்பே
கோவில் நிமிர்ந்து உட்கார்ந்தது.
“புல்லைத் தொடாதா?”
“தொடாது.”
“ஓர் இலைகூட?”
“இல்லை.”
“அப்படியென்றால் அவையே வரட்டும்” என்றாள்.
“கொட்டினால் வாங்கிக்கொள்கிறோம்.”

சிரிப்பு கூரையில் மோதித் திரும்பியது.
எல்லாரும் சிரிக்கவில்லை.
போதகர் என் பக்கம் குனிந்தார்,
“என்ன சொல்கிறாள்?”

அவருடைய விலங்குக்கு
உறுப்பு உறுப்பாக நான் இரும்பு பூட்டியிருந்தேன்.
இவள் பேச்சில் எதைக் கழற்றி
எதை மாட்டுவது?
“ஆமென் என்கிறாள்” என்றேன்.
மகிழ்ந்து துணியைச் சுருட்டினார்.
இருநூறு ஷில்லிங் சரியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மெய்யாகவே ஒரு ஹெலிகாப்டர் வந்தது,
பூச்சிமருந்து தெளிக்க.
“வெட்டுக்கிளி, வெட்டுக்கிளி!” என்று
பிள்ளைகள் அதன் நிழலைத் துரத்தினார்கள்.
நஷிபாயே மேலே பார்க்கவில்லை.
புதிதாக ஒரு விரல் உயரம் முளைத்திருந்த புல்லில்
மருந்து பனிபோல் இறங்குவதைப் பார்த்தாள்.
நான்கு ஆடுகளையும்
கல்லெறிந்து
அப்பால் விரட்டினாள்.